ஈ நிரல்

ஐந்தாம் சுற்று. மேசை பதினேழு.
எனக்குக் கறுப்பு.
எதிரே அட்டையில் மூன்று மொழியிலும் அவர் பெயர்:
லலிந்திர அத்துகோரள.
என் அட்டையில் தமிழுக்கு மட்டும்
இரட்டைக் கொம்பு விழுந்து
தேனுகா, தனுகாவாகியிருந்தேன்.

மூன்று கிழமை,
பாமசிக் கணக்கை முடித்துவிட்டு இரவிரவாக
பிரெஞ்சுத் தற்காப்பு படித்தேன்.
வெள்ளை ஈ-ஐந்துக்கு ஏறும்,
நடுவில் சிப்பாய்கள் தலை முட்டி நிற்கும்,
நான் சீ-ஐந்தால் அடிவேரை அறுப்பேன்.
பதினெட்டாம் நகர்வு வரைக்கும்
நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன்.

அவர் மூன்றாம் நகர்விலேயே
சிப்பாயால் சிப்பாயை வெட்டினார்.
நானும் வெட்டினேன். வேறென்ன செய்ய?
செத்த இரண்டோடும்
என் மூன்று கிழமையும் பெட்டிக்குள் போனது.

ஈ நிரல் திறந்து கிடந்தது
போயா தினத்துக் காலி வீதி மாதிரி.

பிறகு அவர் குதிரை, என் குதிரை.
அவர் பிஷப், என் பிஷப்.
அவர் கோட்டை கட்ட, நானும் கட்டினேன்.
ஏழாம் நகர்வு வரைக்கும்
ஓ.எல். சோதனையில் முன் கதிரைக்காரியைப் பார்த்து
எழுதுகிறவள் போல
காது சுட்டது.

பம்பலப்பிட்டிக் கடலோரத்தால் ஒரு ரயில் போனது.
கட்டங்களுக்குள் எல்லாம் ஒரு நூல் அசைந்தன,
ஏ-ஏழில் நின்ற சிப்பாயைத் தவிர.
அது வேறு பெட்டியில் இருந்து வந்தது. கட்டை.

நாலு கோட்டையும் ஈ நிரலில்தான் போயின.
ஈ என்றால் பூச்சி.
ஈ என்றால் கொடு என்றும் ஒன்பதாம் வகுப்பில் படித்தது
அந்த நேரத்திலா ஞாபகம் வரவேண்டும்?

முப்பத்தாறாவதில் எனக்கு ஒரு சிப்பாய் கூட.
ராணி பீ-இரண்டில் காவல் நிற்க
கட்டையன் நடந்து நடந்து
ஏ-மூன்று வரைக்கும் வந்துவிட்டான்.
இன்னும் இரண்டே கட்டம்.
மின்விசிறி என் தாளைப் புரட்டியது,
நான் பேனையை அதன் மேல் வைத்தேன்.

அவர் ராணி ஈ-எட்டில்: செக்.
ராஜா ஜீ-ஏழுக்கு.
ராணி ஈ-ஐந்தில்: செக்.
ராஜா ஜீ-எட்டுக்கு.
திரும்பவும்.
அதே நிரலில் மேலும் கீழுமாக
வீட்டு வாடகை கேட்டு வந்தவர் போல
ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த நகர்வை ஆடாமல் எழுதி,
கடிகாரத்தை நிறுத்தி, கை தூக்கினார்.
நடுவர் மிஸ்டர் கந்தப்பா
இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து
விரலால் எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று.
என் ஏழு ஒன்று மாதிரி இருப்பதாகக் குறைப்பட்டார்.

ஹரித, என்றார் லலிந்திர.
சரி, என்றேன்.

அரை நாள் லீவு போட்டு வந்தவளுக்கு
அரைப் புள்ளி.

வெளியே பிளேன்ரீயும் மாலுபாணும்.
ஏன் மூன்றாவதிலேயே வெட்டினீங்கள்? என்று
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன்.
நைட் ஷிப்ட், படிக்க நேரமில்லை, என்றார்.
பிரெஞ்சு எனக்கு ஒன்றுமே தெரியாது.
உங்களுக்குத் தெரியும் என்று
முகத்திலேயே எழுதியிருந்தது. பயந்துபோய் வெட்டினேன்.

சிரித்துவிட்டு உள்ளே போய்
அட்டையில் கொம்பை வரைந்தேன்.
பேனை நீலம், அச்சுக் கறுப்பு.

நூறாம் நம்பர் பஸ்ஸில் இடமில்லை.
கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே
எஃப் சிப்பாயைத் தள்ளி மறைத்துப் பார்த்தேன்:
ராணி ஏழாம் வரிசைக்குள் வந்துவிடுகிறாள்.
ராஜாவை எச்-ஆறுக்கு இறக்கினேன்:
அங்கேயும் செக் இருக்கிறது போல, இல்லாதது போல.
கொள்ளுப்பிட்டியில் ஒருவர் இறங்க வேண்டுமென்று
என் தோளைத் தட்டினார்.

கொஞ்சம் பொறுங்கோ, என்றேன்.
கட்டையன் இன்னும்
ஏ-மூன்றில் நிற்கிறான்.